அறைத்தோழனுக்கு எத்துணை நாட் கெடு?

ஒருவனை வரவேற்கும் முறையைப்பற்றி நம் முன்னோர் பலபடப் பேசியுள்ளனர். விருந்தினனை எதிர்கொள்வது எங்ஙனம், அவனுக்கு இடுவது எங்ஙனம், அவன் மனங்கோணாமற் காப்பது எங்ஙனம் என்பனவெல்லாம் நாம் இளமை முதற் கேட்டறிந்தனவே. ஆனால், ஒரே கூரையின்கீழ் நம்மோடு உடனுறைந்த ஒருவனை நோக்கி, 'இனி நீ வேறிடம் பார்த்துக்கொள்' என்று சொல்ல நேரும்போது அதனைச் சொல்லும் முறை யாது, சொல்லிய பின்னர் எத்துணை நாள் பொறுத்தல் வேண்டும் என்பவற்றை நமக்கு எவரும் கற்பித்திலர். கற்பியாத பாடமாதலின், நம்மிற் பலர் அதனைத் தவறாகவே செய்துவிடுகின்றோம். இதனைச் சிறு விஷயம் என்று ஒதுக்குவார் ஒதுக்குக. உறைவிடம் இழந்தவனுக்கு அது சிறு விஷயமன்று.

கலாசாலை விடுதிகளில் இடம் பெறாத மாணவர் பலர். அவர்கள் மூவரும் நால்வருமாகக் கூடி, அடுத்துள்ள தெருக்களில் ஒரு சிறு வீட்டையோ மாடியறையையோ வாடகைக்கு எடுத்து, சமைத்துண்டு வாழ்கின்றனர். படிப்பை முடித்து உத்தியோகம் தேடிச் சென்னைக்கு வருவோர் நிலையும் இதுவே. திருவல்லிக்கேணியில் 'மேன்ஷன்' என்று வழங்கும் ஆடவர் விடுதிகள் தலைமுறை தலைமுறையாக வெளியூர் இளைஞரால் நிறைந்திருத்தலை யாவரும் அறிவர். இத்தகைய கூட்டுக் குடியிருப்புக்களில், வீட்டுக்காரரோடு செய்துகொண்ட உடன்படிக்கை பெரும்பாலும் ஒருவன் பேரிலேயே இருக்கும். ஏனையோர் அவனை நம்பி வந்து சேர்ந்தோர். அவர்களுள் ஒருவன் விலக நேரிடுதற்குக் காரணங்கள் பல. வாடகைப் பங்கை அவன் ஒழுங்காகச் செலுத்தாதிருக்கலாம். அவன் பழக்கங்கள் பிறர் படிப்பைக் கெடுக்கலாம். அவன்மேற் குற்றம் யாதுமின்றி, உடன்படிக்கைக்கு உரியவனுடைய தம்பி ஊரிலிருந்து படிக்க வருவதாலும் அவன் விலக நேரலாம். காரணம் யாதாயினும், கெடு எத்துணை நாள் என்னும் வினா ஒன்றே.

சட்டம் இதுபற்றி யாது கூறுகின்றது என்று முதலிற் காண்போம். 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டம் தன் 106-ஆம் பிரிவில், வேறு உடன்படிக்கையோ வட்டார வழக்கமோ இல்லாவிடத்து, மாதவாடகைக் குடியிருப்பை முடிவுறுத்த 15 நாள் முன்னறிவிப்புப் போதும் என்று விதிக்கின்றது. முன்னர் அப் 15 நாள் குடியிருப்பு மாதத்தின் முடிவோடு முடிவுறல் வேண்டும் என்றிருந்தது. 2002-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால், அறிவிப்புக் கைக்கு வந்த நாள் முதல் அது எண்ணப்படுவதாயிற்று. ஆனால், அறைத்தோழன் பெரும்பாலும் வீட்டுக்காரரின் குடியன் அல்லன். உடன்படிக்கைக்கு உரியவனுடைய அனுமதியால் உறைபவன். அனுமதியால் உறைவோனைப்பற்றிப் பேசுவது, அதே 1882-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட வசதியுரிமைச் சட்டம். முதன்முதல் அது நடைமுறைக்கு வந்த பகுதிகளுள் அந்நாளைச் சென்னை மாகாணமும் ஒன்று. அனுமதி நீக்கப்பட்டவன் அவ்விடத்தை விட்டு நீங்கவும், அங்கே வைத்த தன் பொருள்களை எடுத்துச் செல்லவும் நியாயமான அவகாசம் பெற உரிமையுடையன் என்று அதன் 63-ஆம் பிரிவு கூறுகின்றது.

நியாயமான அவகாசம் என்று கூறிய சட்டம், எத்தனை நாள் என்று எண்ணிக் கூறவில்லை. இது சட்டத்தின் குறையன்று. ஒவ்வொருவன் நிலையும் ஒவ்வொரு விதமாதலின், நாட்களை எண்ணும் பொறுப்பை அது மனிதருடைய நியாய புத்திக்கு விட்டுவைத்தது. அந் நியாய புத்தி நம்மிடத்து உண்டா என்பதே கேள்வி. தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திற்குப் பதிலாக, 2017-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் தம் உடன்படிக்கையை எழுத்தில் அமைத்தல் வேண்டும் என்று அது வற்புறுத்துகின்றது. அறைத்தோழர்களுக்குள்ளோ எழுத்து என்பது ஏது? ஒரு நாள் தேநீர்க் கடையில் நின்று பேசிய பேச்சே அவர்கள் உடன்படிக்கை. பேச்சால் வந்தவன் பேச்சாலேயே போகட்டும் என்று எண்ணிவிடுகின்றோம்.

நியாயமான அவகாசத்தை அளக்கும் கோல் யாது? விலக்குவோனுடைய சினமா, விலகுவோனுடைய தேவையா? சினத்தைக் கோலாகக் கொண்டால் 'இன்றே போ' என்பதுதான் அளவாக முடியும். தேவையைக் கோலாகக் கொள்வதே நேர்மை. என்னை? கெடு என்பது விலக்குவோன் காட்டும் தயை அன்று. விலகுவோன் மற்றொரு கூரையைத் தேடிக்கொள்ள வேண்டிய காலம்.

அக்காலம் சென்னை போன்ற நகரத்தில் எவ்வளவு என்பதை, தேடியவர் அறிவர். இங்கு வீடுகள் மாதத் தொடக்கத்திலேயே கைம்மாறுவன. ஆகவே, 10-ஆம் தேதி வெளியேற்றப்பட்டவன் அடுத்த மாதம் 1-ஆம் தேதிவரை ஒண்டிக்கிடக்க இடம் தேடல் வேண்டும். பல மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது இந் நகர வழக்கம். பத்து மாத வாடகை கேட்ட காலமும் உண்டு. தரகர் வழியாகச் சென்றால் அவருக்கும் ஒரு மாத வாடகை அளவு கொடுக்கும்படி நேர்கின்றது. இவ்வளவும் கையில் வைத்திருப்பவனுக்கும், 'பேச்சிலர்களுக்கு இல்லை' என்ற சொல்லே பல வாசல்களில் விடையாகக் கிடைக்கின்றது. 'சைவமா, அசைவமா?' என்று தொடங்கும் விசாரணை, சில வீடுகளில் ஊரைக் கேட்டு, தகப்பனார் பெயரைக் கேட்டு, சுற்றி வளைத்துச் சாதியில் வந்து நிற்கின்றது. அவ் விசாரணையில் எளிதில் தேறுவோன் ஒரு வாரத்தில் வீடு பெறுவான்; தேறாதவன் ஒரு மாதம் அலைந்தாலும் பெறான். மாணவியர் நிலை இதனினும் அரிது. ஆதலின், எல்லோர்க்கும் ஒரே நாட்கணக்கை நீட்டுதல் பார்வைக்குச் சமநீதிபோலத் தோன்றினும், உண்மையில் அநீதியாகவே முடியும்.

மாதங்களையும் நோக்க வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் குடி மாறலாகாது என்னும் வழக்கம் நம் நாட்டில் இன்றும் வலியுடையது. அதில் நமக்கு நம்பிக்கை இருப்பினும் இல்லாவிடினும், பிறர் குடி மாறாத மாதத்தில் காலி வீடுகள் அருகியே இருக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் புத்தகப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாக அலைவது எப்படிப்பட்டது என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. மாணவனுக்கோ இவை எல்லாவற்றினும் பெரிது பரீக்ஷை.

இவற்றையெல்லாம் நான் கற்றறிந்தவன்போலக் கூறுகின்றேன். கற்றது பிறருடைய குற்றத்தால் அன்று, என்னுடைய குற்றத்தாலேயே. பல ஆண்டுகளுக்கு முன்னர் நாங்கள் நால்வர் ஒரு மாடியறையில் குடியிருந்தோம். நால்வருள் ஒருவன் இரண்டு மாத வாடகைப் பங்கைச் செலுத்தவில்லை. மழை பொய்த்து அவன் தந்தையார் நிலம் விளையாது போயிற்று என்பதை அவன் ஒருமுறை சொன்னதுண்டு. நாங்கள் அதனைச் செவியில் வாங்கினோமேயன்றி நெஞ்சில் வாங்கவில்லை. அவனுக்குப் பதிலாக வேறொருவனை முன்னரே பேசி முடித்துவிட்டு, ஒரு வியாழக்கிழமை இரவு நாங்கள் மூவரும் ஒரு பக்கம் அமர்ந்து, அவனை எதிரே அமர்த்தி, 'ஞாயிற்றுக்கிழமைக்குள் நீ வேறிடம் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்று கூறினோம். அவன் வாதாடவில்லை. 'என் பெட்டியை மட்டும் ஒரு வாரம் இங்கே வைத்திருக்கலாமா?' என்ற ஒரு கேள்வியே கேட்டான். திங்கட்கிழமை புதியவன் வருகிறான், இடமில்லை என்று விடை கூறினோம். அவ்விடையைச் சொன்ன வாய் என்னுடையது.

அவன் செங்கற்பட்டிற்கு அப்பால் ஒரு கிராமத்தில் உறவினர் வீட்டுத் திண்ணையில் தங்கி, நாள்தோறும் இருட்டோடு எழுந்து இரயிலேறி வந்து படித்தான். அவ்வாண்டுப் பரீக்ஷையில் ஒரு நாள் வண்டி தாமதித்தது; அவன் அரைமணி நேரம் பிந்தி வந்து, வியர்வை ஒழுக அமர்ந்து எழுதியதை நான் அதே மண்டபத்தில் இரண்டு வரிசைக்குப் பின்னிருந்து பார்த்தேன். அவ்வரைமணி நேரத்தை அவனிடமிருந்து பறித்தவர் யார் என்பதை அவன் அறிந்திருந்தான், நானும் அறிந்திருந்தேன். பின்னர் ஒருநாள் கணக்கைப் பார்த்தபோது வேறோர் உண்மையும் புலப்பட்டது. வீட்டுக்காரரிடம் கொடுத்திருந்த முன்பணத்தில் அவன் பங்கு, அவன் செலுத்தத் தவறிய இரண்டு மாத வாடகையினும் பல மடங்கு பெரிது. அவன் எங்களுக்குக் கடன்பட்டவன் என்று எண்ணி வெளியேற்றினோம். உண்மையில் நாங்களே அவனுக்குக் கடன்பட்டிருந்தோம். அப்பணத்தையும் புதியவன் பணம் தந்த பிறகே, ஆறு வாரம் கழித்துக் கொடுத்தோம். கையில் முன்பணம் இன்றி அவன் எங்ஙனம் வேறு அறை பிடித்திருப்பான்? இக்கேள்வி அப்பொழுது எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை.

ஆதலின், இவ்விஷயத்தில் என் கருத்து இது. அறைத்தோழனுக்குக் கெடு 30 நாளிற் குறைதல் கூடாது. அதுவும் ஒரு மாதத்தின் முதல் தேதியில் தொடங்கி அம்மாதத்தின் இறுதியில் முடிவுறல் வேண்டும். ஓராண்டிற்கு மேல் உடனுறைந்தவனாயின், அல்லது அவனுக்கு வீடு கிடைப்பது அரிதென்று நாம் அறிவோமாயின், 2 மாதம் கொடுத்தல் தகும். வந்து ஒரு மாதமும் நிரம்பாதவனுக்கு, சட்டம் குடியனுக்குக் கூறும் 15 நாளையே அளவாகக் கொள்ளலாம். பரீக்ஷைக் காலத்தில் எவன் கெடுவும் முடிவுறலாகாது. முடிவுறுமாயின், கடைசிப் பரீக்ஷை கழிந்த வாரம்வரை தானே நீளுதல் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, அவன் முன்பணப் பங்கை, அவன் தரவேண்டியதைக் கழித்துக்கொண்டு, அவன் வேறிடம் பேசி முடிக்கும் நாளிலேயே அவன் கையில் கொடுத்தல் வேண்டும். பணத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு நாளை மாத்திரம் நீட்டுவது, ஒருவனைக் கட்டிவைத்துவிட்டு 'ஓடுதற்கு உனக்கு வேண்டிய நேரம் உண்டு' என்று சொல்வதை ஒக்கும்.

இதற்கு மறுப்புக் கூறுவார் உளர். 'போகச் சொன்னவனோடு ஒரு மாதம் ஓர் அறையில் இருப்பது எப்படி? முகத்தோடு முகம் பார்க்க முடியாதே' என்பர். உண்மை. அது துன்பமே. ஆனால் இருவர் துன்பத்தையும் தராசிலிட்டுப் பார்க்க வேண்டும். நம் துன்பம் கூரையின்கீழ் இருந்து முகம் சுளிக்கும் துன்பம். அவன் துன்பம் கூரையில்லாத துன்பம். மேலும், கெடு அவனுக்கு உரிமையேயன்றி அவன்மேற் சுமத்திய கடமையன்று. 10 நாளில் அவனுக்கு வேறிடம் கிடைக்குமாயின் அவன் தடையின்றிச் செல்லலாம். மிகுந்த 20 நாளுக்கு அவனிடம் வாடகை கேட்பது முறையன்று. போகச் சொன்னவர் நாம். அக்காலியிடத்தின் நஷ்டமும் நம்மைச் சார்ந்ததே. 'வாடகை கொடாதவனை இன்னும் ஒரு மாதம் தாங்குவதா?' என்பார்க்கு, அவனுடைய முன்பணக் கணக்கை முதலில் எடுத்துப் பார்மின் என்பதே என் விடை.

கெடுவற்ற உடனடிப் பிரிவு நேரிட வேண்டிய இடமும் ஒன்று உண்டு. உடனுறைவோன் கை நீட்டி அடிப்பவனாகவோ, திருடுபவனாகவோ, பிறர் உயிர்க்கும் மானத்திற்கும் ஆபத்து விளைப்பவனாகவோ இருப்பின், ஓரிரவும் அவனோடு உறங்க வேண்டுவதில்லை. அங்ஙனமாயினும், ஆபத்துக்கு ஆளானவர் அவ்விரவே வேறிடம் சென்று, பெரியோர்க்கும் வேண்டுமாயின் போலீசாருக்கும் அறிவித்துப் பிரிவதே நலம். பூட்டை மாற்றி, மூட்டையைத் தெருவில் எறிதல் முறையன்று. ஆனால், நாம் 'ஆபத்து' என்று பெயரிடுவனவெல்லாம் ஆபத்தல்ல என்பதையும் நினைத்தல் வேண்டும். குறட்டையும், கழுவாத பாத்திரமும், இரவில் நெடுநேரம் எரியும் விளக்கும் ஆபத்தாகா.

விவிலிய வகுப்பில் நாம் யாவரும் கேட்ட இரண்டு பிரிவுகள் இங்கு நினைவுக்கு வருகின்றன. இரண்டும் ஆபிரகாமின் கூடாரத்தில் நிகழ்ந்தன. தம் மேய்ப்பருக்கும் லோத்தின் மேய்ப்பருக்கும் பூசல் விளைந்தபோது, மூத்தவராகிய ஆபிரகாம் இளையவனை அழைத்து, நிலம் முழுவதும் எதிரே கிடக்கிறது, நீ விரும்பும் திசையை முதலில் எடுத்துக்கொள் என்று அவனுக்கே விட்டார். லோத்து நோக்கிப் பார்த்து, நீர்வளம் மிக்க யோர்தான் சமவெளியைத் தெரிந்துகொண்டான். பிற்காலத்தில் அதே கூடாரத்திலிருந்து ஆகாரும் அவள் மகனும் பிரிந்தனர். அவளுக்குக் கிடைத்தது அதிகாலை வேளையும், சிறிது அப்பமும், ஒரு துருத்தித் தண்ணீருமே. பெயெர்செபா வனாந்தரத்தில் அத்தண்ணீர் தீர்ந்துபோயிற்று. தாய் தன் பிள்ளை சாவதைக் காணப் பொறாமல் எட்டப் போய் உட்கார்ந்து அழுதாள். ஆபிரகாமும் மனம் நொந்தே அவளை அனுப்பினார் என்பதும், கடவுள் அப்பிள்ளையின் குரலைக் கேட்டார் என்பதும் அவ்வரலாற்றிலேயே உள்ளன. தெய்வ சித்தத்தை ஆராய்தல் ஈண்டு என் நோக்கமன்று. ஒரே மனிதரின் கூடாரத்திலிருந்து ஒருவன் நிலம் தெரிந்துகொண்டு போனான். ஒருத்தி நீரின்றி அலையப் போனாள் என்பதை மாத்திரம் குறிக்கின்றேன். பிரிவு இரண்டிடத்தும் ஒன்றே. தெரிந்துகொள்ளும் அவகாசம் ஓரிடத்து இருந்தது, மற்றோரிடத்து இல்லை. கடவுள் கிணற்றைக் காட்டுவார் என்று நம்பி, நாம் துருத்தியைச் சிறிதாக்கிக் கொடுத்தல் ஆகாது.

இனி, சொல்லும் முறையைப்பற்றிச் சில வார்த்தைகள். புதியவனைத் தேடுமுன் பழையவனிடம் சொல்லுதல் வேண்டும். தன் கட்டிலுக்குத் தன்னை அறியாமல் விலை பேசப்பட்டது என்பதைப் போல ஒருவன் நெஞ்சைப் புண்படுத்துவது வேறில்லை. மூவர் கூடிப் பஞ்சாயத்து வைத்துச் சொல்லாமல், அவனோடு நெருங்கிய ஒருவன் தனியே அழைத்துச் சொல்லுதல் வேண்டும். கைப்பேசியில் ஒரு வரிச் செய்தி அனுப்பிவிட்டு முகத்தை மறைத்துக்கொள்வது கோழைத்தனம். வாயாற் சொல்லிய பின்னர், நாளும் பணக்கணக்கும் மறவாமைப்பொருட்டு எழுதிக்கொள்வதே எழுத்தின் பயன். உண்மைக் காரணத்தைச் சொல்லுதல் வேண்டும். தம்பி வருகிறான் என்று பொய் கூறி, பின்னர் வேறொருவனைக் குடிவைத்தால், அப்பொய் ஒரு வாரமும் நில்லாது. சொல்லிய நாள்முதல் போகும் நாள்வரை ஒரே பானைச் சோறு; அதில் வேற்றுமை காட்டலாகாது.

விலகுவோனுக்கும் கடமைகள் உண்டு. கெடு முடியும்வரை தன் பங்கைச் செலுத்துதல், குறித்த நாளில் சொன்னபடி நீங்குதல், அறையையும் பொதுப் பொருள்களையும் பழுதின்றி விட்டுச் செல்லுதல் ஆகியன அவை. அவன் தானாகவே விலக விரும்பினும், தனக்கு எதிர்பார்க்கும் அதே 30 நாளைப் பிறர்க்கும் கொடுத்தல் வேண்டும். மாதக் கடைசியில் மூட்டை கட்டிக்கொண்டு 'நாளை போகிறேன்' என்பவன், எஞ்சியோர் தலையில் தன் வாடகையைச் சுமத்திப் போகின்றான். இவையெல்லாவற்றையும் கூடிய நாளிலேயே, மனம் இனிதாக இருக்கும்போதே, ஒரு தாளில் எழுதி நால்வரும் கையெழுத்திட்டுக்கொள்வார்களாயின் பின்னர் வரும் பூசலிற் பாதி வாராது. நட்பில் கணக்கு எதற்கு என்பர். கணக்கில்லாததால் கெட்ட நட்பை நான் கண்டிருக்கிறேன். கணக்கினால் கெட்ட நட்பைக் கண்டதில்லை.

நம் நாட்டில் வீட்டை விட்டுப் புறப்படுவோன் 'போகிறேன்' என்று சொல்வதில்லை. 'போய் வருகிறேன்' என்பான். நிற்போனும் 'போ' என்னாமல் 'போய் வா' என்பான். மீண்டும் வர வழியில்லாத பிரிவிலும் நம் மொழி வருகையையே வாயில் வைத்திருக்கின்றது. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோழன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கியபோது, 'போய் வருகிறேன்' என்றே சொன்னான். விடை சொல்ல எங்கள் மூவரில் ஒருவனுக்கும் நா எழவில்லை. இதனைப் படிக்கும் இளைஞர் எவரேனும் தம் அறைத்தோழனைப் பிரிய நேரிடின், வாசலில் நின்று 'போய் வா' என்று கூசாமல் சொல்லத்தக்க அளவு நாட்களை அவனுக்குக் கொடுப்பார்களாக.